எடுத்த படம் எங்கே போகிறது?

தருமபுரி மாவட்டம் ஏரியூர் வட்டாரத்தில் ஒரு சிற்றூரின் அம்மன் பண்டிகை. பூமிதி முடிந்திருந்தது. பம்பைக்காரர்கள் இடுப்பிலிருந்து பம்பையை அவிழ்த்து வைத்துவிட்டுத் தேநீருக்கு ஒதுங்கியிருந்தார்கள். சற்று முன்னால் சாமி வந்து ஆடிய ஓர் அம்மாவை நான் அடுத்தடுத்து ஒன்பது படங்கள் எடுத்திருந்தேன். முடி அவிழ்ந்து, கண் மேலே செருகி, மஞ்சள் நீர் முகத்தில் வழிய நின்றவர். படங்கள் நன்றாக வந்திருந்தன. கேமராத் திரையில் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் பக்கத்தில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை. "இந்தப் போட்டோ எங்கண்ணா போவும்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்தில் ஆட்கள் அறியாமல் படம் எடுப்பது பற்றி உலகெங்கும் நடந்த வாதங்களில் பெரும்பாலானவை 'எடுக்கலாமா, கூடாதா' என்ற கேள்வியைச் சுற்றியே நிற்கின்றன. அந்தப் பெண் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. எடுத்தாகிவிட்டது, இனி அது எங்கே போகும்? இந்தத் துறையின் வரலாறு, தொழில்நுட்பம், சட்டம், சச்சரவு எல்லாவற்றையும் அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே இங்கே பார்க்க விரும்புகிறேன்.

முதலில் சொல். 'கேண்டிட்' என்ற சொல் தருமபுரி மாவட்டத்தின் எந்த ஊரிலும் இன்று புதிதில்லை. கல்யாண போட்டோகிராபரிடம் விலை கேட்டால் 'ட்ரெடிஷனல்' ஒரு விலை, 'கேண்டிட்' அதற்கு மேல் ஒரு விலை என்பார். மணப்பெண் சிரிப்பதும், அப்பா கண் துடைப்பதும், குழந்தை பந்தியில் பாயசம் சிந்துவதும் கேண்டிட். அங்கே கேமரா இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆல்பம் யார் வீட்டு பீரோவில் இருக்கப்போகிறது என்பதும் தெரியும். திருவிழாக் கூட்டத்தில் எடுக்கும் கேண்டிட் வேறு வகை. படத்தில் இருப்பவருக்கும் எடுப்பவருக்கும் பேச்சு இல்லை, பணம் இல்லை, பல நேரம் பார்வைகூட இல்லை. ஒரே சொல் இரண்டுக்கும் வழங்குவதால், கல்யாண மண்டபத்தில் கிடைத்த அனுமதியை மனத்தில் வைத்துக்கொண்டே பல இளைஞர்கள் திருவிழாத் தெருவில் இறங்கிவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் கேமராவுக்கு முதலில் கூட்டம் என்பதே தென்படவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றிக் கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். மெழுகு ஏற்றிய காகித நெகடிவில் ஒரு படம் பதிய நிமிடக்கணக்கில் ஒளி விழ வேண்டும். அந்த நேரத்தில் குறுக்கே போனவர்கள் யாரும் பதியவில்லை. அதனால் அவருடைய மதுரை ஆளில்லாத மதுரை. ஆட்கள் கண்ணாடித் தகட்டுக்குள் வந்தபோது அவர்கள் மாதிரிகளாக வந்தார்கள். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் சாதிதோறும் ஆட்கள் நிறுத்தி வைத்துப் படமாக்கப்பட்டிருக்கிறார்கள். மனிதருக்குப் பெயர் இல்லை, சாதிக்குத்தான் பெயர். அலகு, செடல், பூமிதி போன்றவை அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கண்களுக்கு விநோதக் காட்சிகள். இன்று நம் பண்டிகைகளில் கேமராக்கள் எதை நோக்கி ஓடுகின்றன என்று பார்த்தால் அந்தப் பழைய பட்டியல் அதிகம் மாறவில்லை என்று தோன்றும். நாக்கில் வேல், முதுகில் கொக்கி, வாயில் சேவல். பந்தலுக்குப் பின்னால் அண்டா கழுவும் பெண்ணை நோக்கி யாரும் ஓடுவதில்லை.

கூட்டத்துக்குள் நுழையும் கேமரா 1925இல் சந்தைக்கு வந்தது. சினிமாச் சுருளின் 35 மில்லிமீட்டர் ஃபிலிமைப் பயன்படுத்திய லைகா, உள்ளங்கையில் அடங்கியது. சத்தம் போடாமல் இயங்கியது. பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் அதன் பளபளக்கும் பாகங்களைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துக்கொண்டு உலகைச் சுற்றினார். 1947இல் இந்தியா வந்து, காந்தி சுடப்படுவதற்குச் சற்று முன்னால் அவரைச் சந்தித்துப் படம் எடுத்தவர்; 1950 ஏப்ரலில் ரமணர் மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவர். 1952இல் வந்த அவருடைய புகழ்பெற்ற தொகுப்பை ஆங்கில உலகம் 'தீர்மானிக்கும் கணம்' என்ற பொருள்படும் தலைப்பால் அறிகிறது. பிரெஞ்சுத் தலைப்பின் பொருள் வேறு. உரிமம் இல்லாமல் நடைபாதையில் கடை விரித்து, போலீஸ் வண்டி தெரிந்ததும் சுருட்டிக்கொண்டு ஓடும் வியாபாரியைக் குறிக்கும் சொல் அதில் இருக்கிறது. அவசர அவசரமாக, ஒரு கண் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்த படங்கள் என்று கொள்ளலாம். இந்தக் கலையின் ஆசான் தன் வேலையில் ஒரு திருட்டுச் சாயல் இருப்பதை மறைக்கவில்லை. ஆங்கிலத் தலைப்பு வழியாக அவரை அறிந்தவர்களுக்குக் கணம் மட்டும் கிடைத்தது, அந்தக் கூச்சம் கிடைக்கவில்லை.

அமெரிக்கரான வாக்கர் எவன்ஸ் 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில் கோட்டுக்குள் கேமராவை ஒளித்துவைத்து எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார். ஆனால் அவை நூலாக வந்தது 1966இல்தான். எடுத்ததற்கும் காட்டியதற்கும் இடையே ஏறத்தாழ கால் நூற்றாண்டு. எங்கள் ஊர் பண்டிகையில் இன்று அந்த இடைவெளி கால் நிமிடம்கூட இல்லை. பூக்குழியில் கால் வைப்பவரின் கால் ஆறுவதற்குள் படம் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போயிருக்கும் ஊர்ப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அது நல்லதுதான். லீவு கிடைக்காத பையன் ஒருவன் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நின்றபடி தன் ஊர் கரகத்தைப் பார்க்கிறான். சிக்கல் அந்தக் குழுவிலிருந்து அடுத்த குழுவுக்குத் தாவும்போது தொடங்குகிறது.

இதற்கு இணையாக வேறொரு வரலாறும் இங்கே ஓடியது. அதை யாரும் கலை வரலாற்றில் சேர்ப்பதில்லை. திருவிழா மைதானத்தில் ராட்டினத்துக்குப் பக்கத்தில் திரை கட்டிப் படம் பிடித்த ஸ்டூடியோக்காரர்களின் வரலாறு அது. தாஜ்மகால் வரைந்த திரை, மர மோட்டார் சைக்கிள், அட்டையில் வெட்டிய பிறை நிலா. மக்கள் வரிசையில் நின்று, தலை சீவி, காசு கொடுத்து, முகவரி எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். படம் வீடு தேடி வந்தது. தமிழ் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோடு இணைந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவுநிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன் எண்ணிமப்படுத்தியிருக்கிறார்கள். கலை என்று பார்த்தால் அவற்றில் கணம் இல்லை, அசைவு இல்லை. ஆனால் 'இந்தப் போட்டோ எங்கே போகும்' என்று கேட்கத் தேவையில்லாத படங்கள் அவை. எடுத்துக்கொண்டவர் வீட்டுச் சுவருக்குத்தான் போயின. கேண்டிட் வந்தபோது அந்தத் திரும்பும் பாதை அடைபட்டது. இந்த மாற்றம்தான் முழுப் பிரச்சினையின் வேர் என்று நினைக்கிறேன்.

இனி கைவேலை. திருவிழாவில் கேண்டிட் எடுப்பவர்கள் பெரும்பாலும் 28 அல்லது 35 மில்லிமீட்டர் லென்ஸைத்தான் நம்புகிறார்கள். காரணம் எளிய கணக்கு. முழுச்சட்டக கேமராவில் 28 மி.மீ. லென்ஸை எஃப்/8இல் வைத்து, குவியத்தைச் சுமார் பத்தே முக்கால் அடி தூரத்தில் நிறுத்திவிட்டால், ஐந்தரை அடியிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக விழும். குவியம் தேட வேண்டியதில்லை. கேமரா கண்ணுக்கே வர வேண்டியதில்லை, நெஞ்சருகே இருந்தால் போதும். பகல் வெயிலில் ஷட்டர் வேகம் 1/500 வைக்கலாம். தப்பட்டைக் குச்சி நின்றுபோகும். பொழுது சாய்ந்து தீவட்டி வெளிச்சத்தில் 1/30க்கு இறக்கினால் ஆடுபவர் கலங்கி, பார்ப்பவர் முகம் தெளிவாக நிற்கும். சாமி ஆட்டத்துக்கு இரண்டாவதே நெருக்கமான உண்மை என்பது என் அனுபவம். அந்த நேரத்தில் ஆடுபவர் யாருக்கும் தெளிவாகத் தெரிவதில்லை.

அகல லென்ஸ் ஒரு நிபந்தனையும் போடுகிறது: கிட்டே போ. ஐந்தரை அடி என்றால் எதிராளி உன்னைப் பார்ப்பார், உன் வியர்வை நாற்றம் அவருக்குத் தெரியும். வேண்டாம் என்று கையை அசைக்க அவருக்கு வாய்ப்பு இருக்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸுடன் பள்ளிக்கூட மாடியில் நிற்பவரிடம் அந்த வாய்ப்பு இல்லை. தொலைவிலிருந்து எடுப்பது நாகரிகம், நெருங்குவது அத்துமீறல் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ட்ரோன் வந்தபிறகு இது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஊருக்கு மேலே பறப்பதிடம் யார் போய்க் கையசைப்பது?

கூட்டத்துக்கென்று ஒரு குணம் உண்டு. ஆடி 18 அன்று ஒகேனக்கல்லிலோ மேட்டூர் அணைக்கட்டு முனியப்பன் கோயிலிலோ நின்றால் தெரியும். ஆட்கள் தங்களுக்குள் மூழ்கியிருக்கிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொள்பவர், தாலிச்சரடு மாற்றிக்கொள்ளும் புதுப்பெண், முதல் மொட்டைக்கு அழும் குழந்தை, ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டபடி நெடுநேரம் நிற்கும் கிழவர். ஆயிரம் பேர் நடுவில் தனியாக இருக்க முடியும் என்பது நம் திருவிழாக்கள் தரும் பெரிய வசதி. யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, பார்த்தாலும் மறந்துவிடுவார்கள். கேமரா மறக்காது. 'பொதுவெளிக்கு வந்துவிட்டால் அந்தரங்கம் ஏது' என்று கேட்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை.

சட்டம் கவனித்திருக்கிறதா? ஓரளவுக்கு. இந்தியாவில் அந்தரங்க உரிமை பற்றிய முதன்மையான தீர்ப்புகளில் ஒன்று தமிழ் இதழியலிலிருந்து பிறந்தது. கொலைக் குற்றவாளி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது தொடர்பான வழக்கில், 1994இல் உச்ச நீதிமன்றம் தனித்துவிடப்படும் உரிமை அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் என்றது. பொது ஆவணங்களில் உள்ளதை வெளியிடத் தடையில்லை என்றும் சொன்னது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதிசெய்தார்கள். இவற்றில் எதுவும் தெருவில் படம் எடுப்பதைத் தடுக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் உரிமை எடுத்தவருக்கு. அவர் வாழ்நாள் முழுதும், இறந்த பிறகு 60 ஆண்டுகளுக்கும். படத்தில் இருப்பவருக்கு அந்தச் சட்டத்தில் இடம் இல்லை. 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தன் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவை விட்டுவிடுகிறது. முந்தைய வரைவுகளில் இதழியலுக்கு இருந்த விலக்கு இறுதிச் சட்டத்தில் இல்லை. தெருப் புகைப்படக்காரர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறார் என்பது வழக்குகள் வந்தால்தான் தெளியும்.

ஒரு பிரிவு மட்டும் நேரடியாகத் தொடுகிறது. 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354சி என்று சேர்க்கப்பட்டு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவாக இருப்பது. அந்தரங்கத்தை எதிர்பார்க்கத்தக்க இடத்தில் உள்ளாடை அளவில் இருக்கும் பெண்ணைப் பார்ப்பதும் படமெடுப்பதும் குற்றம். முதல் முறைக்கு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. அருவிக்கரையில் நூறு பெண்கள் நனைந்த புடவையில் குளிக்கும் இடம் அந்தரங்க இடமா, பொது இடமா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அங்கே போய் நின்ற எவருக்கும், பெண்கள் குளிக்கும் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பது சட்டம் படிக்காமலே தெரியும். அதே பிரிவின் விளக்கம் ஒன்று என்னை நிறுத்தியது. அத்தகைய படத்தை எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்புவது குற்றம் என்கிறது அது. எடுப்பதும் பரப்புவதும் தனித்தனிச் செயல்கள் என்று சட்டமே பிரித்துவிட்டது. அந்த மகள் கேட்ட கேள்வி சட்டப் புத்தகத்துக்குள் இருக்கிறது, ஒரு குறுகிய மூலையில்.

மற்ற நாடுகள் எதிரெதிர்த் திசைகளில் போயிருக்கின்றன. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் பிலிப்-லோர்கா டிகோர்சியா மறைவாக விளக்கு பொருத்தி, தொலைலென்ஸில் வழிப்போக்கர் முகங்களை எடுத்து 2001இல் காட்சிக்கு வைத்தார். அதில் தன் முகத்தைக் கண்ட யூத முதியவர் ஒருவர், தன் சமயநெறிக்கு எதிரானது என்று வழக்குப் போட்டார். 2006இல் நீதிமன்றம் அது கலை என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. பிரான்சில் தன் உருவத்தின்மீது ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்ற கோட்பாடு வலுவானது. ஜெர்மனியின் சட்டம்தான் நம் கேள்விக்கு நெருக்கம். 1898இல் பிஸ்மார்க் இறந்த இரவில் இரண்டு புகைப்படக்காரர்கள் வீட்டுக்குள் புகுந்து பிணத்தைப் படம் பிடித்தார்கள். அந்த அதிர்ச்சியின் தொடர்ச்சியாக 1907இல் வந்த சட்டம், சம்மதமின்றி ஒருவர் உருவத்தைப் பரப்பக் கூடாது என்கிறது. ஆனால் கூட்டங்களுக்கும் ஊர்வலங்களுக்கும் விலக்கு தருகிறது. அந்த விலக்கும் படத்தில் இருப்பவரின் நியாயமான நலனைக் கெடுக்காத வரைதான். தேரோட்டத்தைக் காட்டு, தேர்வடம் பிடித்த ஒருவரைத் தனியே பிய்த்தெடுத்து அவமானப்படுத்தாதே என்று நம் பேச்சில் அதைச் சொல்லலாம். எனக்குத் தெரிந்தவரை இதைவிட நியாயமான வரையறையை வேறெந்தச் சட்டமும் தரவில்லை.

நம் கோயில்கள் இதைத் தடையால் தீர்க்கப் பார்க்கின்றன. திருச்செந்தூர் தொடர்பான வழக்கில் 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்யச் சொன்னது. பழனியில் 2023 அக்டோபர் 1 முதல் அது நடைமுறையில். கோபுரத்துக்குள் இருக்கும் சாமிக்கு அது காவல். தெருவில் இறங்கிவரும் சாமிக்கும், தெருவே கோயிலான ஏரியூர்ப் பக்கத்து அம்மன்களுக்கும் மதில் இல்லை, வாசல் இல்லை, கைப்பேசி வாங்கி வைக்கும் பெட்டி இல்லை.

கூவாகம் இந்த முழுச் சிக்கலும் ஒரே இடத்தில் திரண்டு நிற்கும் ஊர். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், சித்திரையில் கூத்தாண்டவரான அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அவர் களப்பலியானதும் வளையல் உடைத்து, வெள்ளை உடுத்தி ஒப்பாரி வைக்கும் திருநங்கைகள். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் கேமராக்கள் அங்கே வருகின்றன. அழும் ஒரு முகத்தைச் சுற்றி அரைவட்டமாக லென்ஸ்கள் நிற்கும் காட்சியைப் படம் எடுத்தவர்களும் உண்டு. அந்தப் படம் மற்றப் படங்களைவிட அதிகம் சொல்கிறது. மதுரை மாவட்டம் வாடிப்பட்டியைச் சேர்ந்த ஜெய்சிங் நாகேஸ்வரன் அதே திருவிழாவுக்கு வந்த திருநங்கைகளை 'தி லாட்ஜ்' என்ற தொடரில் அவர்கள் தங்கியிருந்த விடுதி அறைகளில் எடுத்தார். களைத்துப் படுத்திருப்பவர்கள், கண்ணாடி முன் நிற்பவர்கள். கூட்டம் பார்க்காத முகங்கள் அவை. ஆனால் அவர்கள் கதவைத் திறந்துவிட்ட பிறகு எடுக்கப்பட்டவை. கேண்டிட் என்பதற்கு ஒளிந்திருந்து எடுப்பது மட்டும் பொருளில்லை என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது. நெடுநேரம் கூடவே இருந்து, கேமராவைப் பற்றி அவர்கள் கவலைப்படுவதை விட்டுவிடும்வரை காத்திருப்பதும் கேண்டிட்தான். அதற்கு நாள் செலவாகும்.

இந்த இடத்தில் எதிர்வாதத்தையும் முழுதாகக் கேட்க வேண்டும். கேட்டு எடுத்தால் என்ன கிடைக்கும்? ஏரியூர்ச் சாலையில் பண்டிகைக்குக் கட்டிய ஃபிளக்ஸ்களைப் பார்த்தால் தெரியும். கூலிங்கிளாஸ், மடித்துவிட்ட சட்டைக்கை, இரண்டு விரல். தங்களைத் தாங்கள் காட்ட விரும்பும் முறை அது. அதற்கும் மதிப்பு உண்டு. ஆனால் ஊரின் வரலாறு அதில் இல்லை. யார் வடம் பிடிக்கிறார், யார் கயிற்றுக்கு வெளியே நிற்கிறார், மேளம் அடித்தவருக்கு எந்தத் தட்டில் சோறு வந்தது, எந்தத் தெரு முனையில் சாமி திரும்பிவிட்டது என்பதெல்லாம் சொல்லிவைத்து எடுத்த படத்தில் வராது. எல்லோரும் நேராக நின்றுகொண்டால் எல்லோரும் சமமாகத் தெரிவார்கள். சாதி இருக்கும் இடம் கேண்டிட் படத்தின் ஓரங்களில் பதிந்துவிடுகிறது. எடுத்தவர் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார். தடைபோட்டு இதை நிறுத்தினால் நஷ்டப்படுவது முதலில் ஓரத்தில் நிற்பவர்கள்தான்.

அதே தருமபுரியில்தான் அடுத்த ஆபத்தும் இருக்கிறது. 2012 நவம்பரில், ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து நத்தம் காலனியும் அருகிலிருந்த இரண்டு தலித் குடியிருப்புகளும் கொளுத்தப்பட்டன. அப்படிப்பட்ட மாவட்டத்தில், ராட்டினத்துக்குக் கீழே ஒரு பையனும் பெண்ணும் ஒரே ஐஸைப் பகிர்ந்துகொள்ளும் படம் சாதாரணப் படமாக இருக்க முடியாது. பாரிஸில் அது காதல் படம், அஞ்சலட்டையாக விற்கும். ராபர்ட் துவானோ 1950இல் எடுத்த முத்தப் படம் அப்படித்தான் உலகெங்கும் சுவர்களில் ஏறியது. அதுவும் ஏற்பாடு செய்து எடுத்ததுதான் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது. ஏரியூரில் அத்தகைய படம் வாட்ஸ்அப்பில் ஏறினால் பார்ப்பவர்கள் முதலில் அந்த இரண்டு முகங்களும் எந்தெந்தத் தெரு என்று தேடுவார்கள். என்னிடம் அத்தகைய படங்கள் மூன்று இருந்தன. ஒளி, முகம், பின்னால் சுழலும் விளக்கு எல்லாம் கூடி வந்தவை. அழித்துவிட்டேன். இதில் எனக்கு இரண்டு மனம் இல்லை. முன்பெல்லாம் கூட்டத்து முகம் கூட்டத்தோடு கரைந்துவிடும். தமிழ்நாடு காவல்துறையே 2021இல் முகமறி மென்பொருளைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்த காலம் இது. எந்தப் பின்னணி முகமும் நாளை யாராலாவது தேடிப் பிடிக்கக்கூடிய முகம்.

சாமி ஆட்டத்துக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் சம்மதம் என்ற சொல் அங்கேதான் முழுதாகத் தடுமாறுகிறது. ஆடுபவரிடம் முன்கூட்டிக் கேட்க முடியாது. தனக்குச் சாமி வரும் என்று அவருக்கே தெரியாது. ஆடும்போது கேட்க முடியாது. அங்கே நிற்பது அம்மன் என்றுதான் ஊர் நம்புகிறது. மாமியார்கூடக் கையெடுத்துக் கும்பிடுகிறார். ஆடி முடித்தபின் கேட்டால் 'எனக்கு ஒண்ணும் நினைப்பில்லையே' என்பார். அப்படியானால் படத்தில் இருப்பது யார்? அந்த ஆட்டப் படங்கள் ஊர்க்காரர்களுக்கு அம்மன் படம். வெளியே போனால் தலைவிரிகோலமாக ஒரு பெண். ஊர் பார்த்தது தவறில்லை. அந்தப் பார்வைக்கு ஒரு முடிவும் உண்டு. சாமி மலை ஏறியதும் நாலு பெண்கள் சுற்றி நின்று முடியை அள்ளி முடிந்து, மாராப்பைச் சரிசெய்து, தண்ணீர் கொடுத்து, அவரை மறுபடியும் அந்த வீட்டு அம்மாவாக ஆக்கிவிடுகிறார்கள். படத்தில் அந்த அள்ளி முடிதல் நடப்பதே இல்லை. அவர் என்றென்றைக்கும் அவிழ்ந்தே நிற்கிறார். இதை உணர்ந்த பிறகு, ஆட்டத்தை எடுத்தால் முடி முடிவதையும் எடுப்பது, இரண்டையும் பிரிக்காமல் வைத்திருப்பது என்று ஒரு வழக்கம் எனக்கு ஏற்பட்டது. பார்த்தவர்கள் இரண்டாவது படத்தின் முன்தான் அதிக நேரம் நிற்கிறார்கள்.

படம் திரும்பிப் போக வேண்டும் என்ற எண்ணத்துக்கு நம் மண்ணிலேயே பழைய முன்மாதிரி இருக்கிறது. தருமபுரி அகழ்வைப்பகத்தின் வளாகத்தில் நடுகற்கள் வரிசையாக நிற்கின்றன. ஆநிரை கவரும் சண்டையில் விழுந்தவன், கையில் வில்லும் உடலில் அம்புமாக, செயலின் நடுவே செதுக்கப்பட்டிருக்கிறான். நேராக நின்று போஸ் கொடுக்கும் சிற்பம் இல்லை அது, ஒரு கணம். கூடவே எழுத்து உண்டு: எந்த மன்னனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, எந்த ஊர், யாருடைய ஆள், என்ன செய்து பட்டான். செங்கம் பகுதியில் எடுத்தனூரில் கிடைத்த, மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் பெயர் பொறித்திருக்கிறார்கள்: கோவிவன். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த மரியாதை, இன்று பன்னாட்டுப் போட்டியில் பரிசு வாங்கும் படத்தின் கீழே 'பக்தர், தமிழ்நாடு' என்று போடப்படும் மனிதருக்குக் கிடைப்பதில்லை. அந்தக் கல் அவன் ஊரிலேயே நின்றது, அவன் ஆட்கள் அதற்குப் பூப் போட்டார்கள் என்பதும் முக்கியம். பெயரும் உருவமும் சேர்ந்து ஊருக்குள் இருந்தால் அது நினைவு. பெயரோடு உருவத்தைத் திரையில் ஏற்றி உலகத்துக்கு விட்டால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகவும் முடியலாம். அதனால் பெயரை எழுதிவைக்கிறேன், படத்தின் பின்பக்கத்தில், பேனாவால். இணையத்தில் போடுவதில்லை.

யார் கையில் கேமரா என்பதும் இதில் சேரும். மலக்குழி மரணங்களை ஆண்டுக்கணக்கில் பதிவுசெய்துவரும் புகைப்படக்காரர் எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளர், மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேமரா கொடுத்துப் பயிற்சி தருகிறார். அந்தப் பிள்ளை தன் தெருவில் எடுக்கும் படம் கேண்டிட்தான், ஆனால் எடுத்தவன் நாளைக் காலையும் அதே குழாயடியில் நிற்க வேண்டியவன். இதைவிட வலுவான கட்டுப்பாடு எந்தச் சட்டத்திலும் இல்லை.

அந்த மகளுக்கு அன்று நான் ஒன்பதில் ஏழை அவர் கண்முன் அழித்துக் காட்டினேன். இரண்டை அவரே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்று ஆட்டம், ஒன்று தண்ணீர் குடிப்பது. "பிரிண்டு போட்டுக் குடுங்க, அம்மாவுக்கு நல்ல போட்டோவே இல்ல" என்றார். அது உண்மை. எங்கள் பக்கத்தில் ஐம்பதைத் தாண்டிய பல பெண்களுக்கு ஆதார் அட்டைப் படம்தான் ஒரே தனிப் படம். இறந்தபிறகு கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸுக்கு அதைத்தான் பெரிதாக்குகிறார்கள். கேமராவை அஞ்சியபடி முறைக்கும் முகம்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் முந்தின வருடத்துப் படங்களை நாலுக்கு ஆறு அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோகிறேன். தேநீர்க் கடைப் பெஞ்சில் பரப்பி வைத்தால் ஊர் கூடிவிடுகிறது. தங்கள் படத்தை எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டாரின் படத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். 'இது வேணாம்' என்று சிலர் கிழித்தும் போடுகிறார்கள். கிழித்தால் என்னிடம் இருப்பதையும் அழித்துவிடுவேன். போன முறை ஒரு படம் மட்டும் பெஞ்சிலேயே கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, பேரனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பம்பைக்காரரைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு தாத்தா. யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. கடைசியில் ஒரு பாட்டி படத்தைத் தள்ளிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இவரு அக்கரை ஆளு. பண்ணவாடிப் பக்கம். பொண்ணக் குடுத்த ஊருக்கு வந்திருப்பாரு" என்றார். பண்ணவாடி எதிர்க்கரை, சேலம் மாவட்டம். நடுவில் மேட்டூர் அணையின் தண்ணீர். மறுநாள் இக்கரையில் உள்ள நாகமரைக்குப் போய்ப் படகுத்துறையில் நின்றேன். படகுக்காரர் படத்தை வாங்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், அங்கே பெயர் எழுத நான் விட்டிருந்த இடம் வெறுமையாக இருந்தது. "கேட்டுப் பாக்குறேன்" என்று சொல்லி, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் பையில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு துடுப்பை எடுத்தார்.